வெளிப்பக்கம் திரும்பிய பூட்டு

பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் செக்கர் என்றே கூப்பிட்டார்கள். வேலை முடிந்து வருஷக்கணக்கான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. புத்தியும் போகவில்லை. அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறியதும் முகங்களை ஒரு வீச்சில் பார்த்துவிடுவார். ஜன்னலுக்கு வெளியே அளவுக்கு மீறிக் கவனமாக வேடிக்கை பார்க்கிறவன், திடீரென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறவன், கேட்பதற்கு முன்னாலேயே சிரிக்கிறவன், இவர்களிடம்தான் நேரே போய் நிற்பார். பெரும்பாலும் தப்பாது. தப்பின கதைகளை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர், ஒரு நாள் சாயங்காலம் படிப்பகத்திலிருந்து திரும்பி வந்தபோது, தன் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார். சாவித் துவாரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. தூசி போய் அடைக்கக் கூடாதென்று துவாரத்தைக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டுப் போவது அவர் வழக்கம். மறந்தாலும் கை மறக்காது.

கதவைத் திறந்தார். மனைவி, அவர் உட்காரவைத்துவிட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் கழுத்தோரம் வேர்த்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது.

"யாராவது வந்தாங்களா?" என்றார்.

"பூட்டின வீட்டுக்கு யாருங்க வருவா?" என்றாள் அவள்.

கேள்விக்குக் கேள்வியாகப் பதில் சொல்கிறவர்களைச் செக்கருக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் டிக்கெட் இருக்காது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் அவள் விழுந்த பிறகு வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஆயுசு முழுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்த்தவள் அவள். விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாதென்பது அந்தக் கடையின் சட்டம். காலை முதல் இரவு வரை நின்று, வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் நின்றவள், இப்போது எழுந்து நிற்கவே ஆள் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தாள். ஒல்லியான, வாய் ஓயாத பெண். காலைத் தூக்கு, மடக்கு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திரு, உட்கார் என்று படுத்தினாள். ஒரு நாள் மனைவி வலி தாங்காமல் வாய்விட்டு அழுதாள். செக்கருக்குப் பொறுக்கவில்லை. இந்த வயதில் உடம்புக்கு வேண்டியது ஓய்வுதான், கசரத்து இல்லை என்று சொல்லி அந்தப் பெண்ணை அன்றோடு நிறுத்திவிட்டார். இப்போது வலிக்கிறதென்று விட்டால் பிறகு நடக்க முடியாமல் போய்விடும், படுத்தவர்களுக்குக் கால் மட்டுமில்லை, பசியும் தூக்கமும் தைரியமும் சேர்ந்து போய்விடும் என்று அவள் வாசலில் நின்று சொன்னாள். பிழைப்புக்காகப் பேசுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாம் அவர் பொறுப்பு. சமைப்பது, துவைப்பது, அவளைப் பிடித்து அழைத்துக்கொண்டு கழிவறைக்குப் போவது, ராத்திரியில் அவள் அசைந்தாலே விழித்துக்கொள்வது. அவள் தானாக நாற்காலியின் கையைப் பற்றினால் போதும், "எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே" என்று பதறிக்கொண்டு ஓடிவருவார். கடைக்கும் படிப்பகத்துக்கும் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போனார். அவள் கதவைத் திறந்துகொண்டு படியில் கால் வைத்துவிடுவாளோ என்ற பயம். மற்றவர்களிடம் திருட்டு பயம் என்று சொல்லிக்கொண்டார்.

பூட்டு திரும்பியிருந்த நாளிலிருந்து அவர் கண்ணுக்கு ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது.

கட்டிலுக்குக் கீழே பெருக்கும்போது தண்ணீர் நிரப்பிய இரண்டு சின்ன பாட்டில்கள் கிடைத்தன. தாகத்துக்கு வைத்திருக்கிறேன் என்றாள். மூடியைத் திறந்து பார்த்தார், உள்ளே பாதிக்கு மணல் இருந்தது. மணலை யாராவது குடிப்பார்களா? அவர் கேட்கவில்லை. கேட்டால் ஆள் உஷாராகிவிடும். பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

இன்னொரு நாள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியில் வழிமறித்து, மத்தியானத்தில் நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுகிறீர்களே, தலைக்கு மேல் தடதடவென்று இருக்கிறது, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் தான் வீட்டிலேயே இருப்பதில்லை என்று செக்கர் சொல்லவில்லை. "சொல்லி வைக்கிறேம்மா" என்று மட்டும் சொன்னார். மாடிக்கு ஏறுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது மாடி என்பதால் அது எப்போதும் அடித்துக்கொள்ளும். அன்றைக்குக் காரணம் வேறு என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு செருப்பு. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பு. கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் போட்டுக்கொள்வதற்குத்தான். அதைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பாகத்துக் கோடுகள் முன்பக்கம் தேய்ந்து வழவழவென்றிருந்தன. இடுக்கில் சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் வழுவழுப்பான ஓடு போட்ட தரை. சிமெண்டு, வெளிப்படியில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட அவரைக் குடைந்தது தொலைபேசி. வேறு ஊரில் இருக்கும் மகள் தினமும் அம்மாவோடு பேசுவாள். அவர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று மாறும். "சரிம்மா, அப்பா வந்துட்டார், அங்க மழையா?" என்பாள் இவள். மழையைப் பற்றி அம்மாவும் மகளும் இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை.

செக்கர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மகளிடம் வீட்டின் இன்னொரு சாவி இருந்தது. அவள் யாரிடமோ அதைக் கொடுத்திருக்கிறாள். அந்த ஆள் மத்தியானத்தில் வந்து சாமான்களை நகர்த்திப் பார்க்கிறான், கட்டுகிறான். அம்மாவை மகள் தன்னோடு அழைத்துக்கொண்டு போகப் போகிறாள். அப்பாவுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள். சொன்னால் சண்டை வருமென்று சொல்லாமலே காரியத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். ஒரு நாள் படிப்பகத்திலிருந்து வந்தால் நாற்காலி மட்டும் இருக்கும்.

இந்த எண்ணம் வந்த பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியைப் பார்த்தால், அவள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள். ராத்திரி அசையாமல் தூங்கினாள். அதுவும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது. விட்டுப் போகிற முடிவு எடுத்தவர்களுக்குத்தான் இப்படி நிம்மதி வரும்.

ஒரு மத்தியானம் வழக்கம்போலச் சட்டையை மாட்டிக்கொண்டார். கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டார். போய் வருகிறேன் என்று சொல்லி, கதவை இழுத்துப் பூட்டி, துவாரத்தை உள்பக்கம் திருப்பிவிட்டார். கீழே இறங்குகிற மாதிரி சில படிகள் சத்தம் வரும்படி இறங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி திரும்பி ஏறி, தன் வீட்டு வாசலைத் தாண்டி, மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் போய் ஒளிந்துகொண்டார். அங்கே தண்ணீர்க் குழாய்கள் சுவரோடு ஏறிப் போயின. குழாய்களுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் வீட்டு வாசல் தெரிந்தது.

முழங்கால் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டார். கள்ளனைப் பிடிக்கிறவன் காலைப் பற்றிக் கவலைப்படலாமா?

நேரம் போனது. அப்புறம் கீழேயிருந்து லேசான காலடிச் சத்தம் கேட்டது. ஆண் காலடி இல்லை. வந்து நின்றது அந்தப் பிசியோ பெண். முன்பு வந்தபோதெல்லாம் கொண்டுவந்த அதே நீலத் துணிப்பை தோளில் தொங்கியது. சாவியை எடுத்து, தன் வீட்டைத் திறப்பது போலத் திறந்து உள்ளே போனாள்.

செக்கர் எழுந்துபோய்க் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் பஸ்ஸில் கற்ற பாடம் ஒன்று இருந்தது. அவசரப்படக் கூடாது, ஆள் இறங்க எழுந்திருக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். உள்ளே நாற்காலி தரையில் இடிபடும் சத்தம், நடுவில் அந்தப் பெண்ணின் குரல், நடுவில் மனைவி மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு கதவு திறந்தது.

அவர் மனைவி வாசலைத் தாண்டி வெளியே வந்தாள். கையில், ஆஸ்பத்திரியில் பிடித்து நடக்கக் கொடுத்த நாலுகால் சட்டம் இல்லை. யாரும் பிடிக்கவும் இல்லை. படியின் கைப்பிடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகையில் ஊன்றுகோலோடு நின்றாள். பிசியோ பெண் அவளுக்கு ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி இறங்கி நின்றாள்.

"இறங்கும்போது எந்தக் கால்?" என்று கேட்டாள்.

"ஆபரேஷன் பண்ணின கால். ஏறும்போது நல்ல கால். எத்தனை தடவை கேப்பே?"

"தப்பே பண்ண மாட்டீங்கன்னு தெரியற வரைக்கும் கேப்பேன்."

செக்கர் நிறுத்து என்று கத்த வாய் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. இப்போது கத்தினால் அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். திரும்பினால் விழுவாள். இத்தனை நாள் அவர் வாய் ஓயாமல் போட்ட சத்தத்தை, எல்லாவற்றையும் விட அதிகமாகப் போட வேண்டும் என்று தோன்றிய அந்த நேரத்தில், போட முடியவில்லை. கையிலிருந்த செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் ஒரு காலை இறக்கினாள். ஊன்றினாள். அடுத்த காலைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். முகத்தில் பயம் இருந்தது, ஆனால் அழுகை இல்லை. ஜவுளிக்கடையில் மேல் தட்டிலிருந்து துணிக்கட்டை இறக்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவருக்கு ஏனோ தோன்றியது. கடைக்குள் போய் அவள் வேலை செய்வதை அவர் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

படி திரும்பும் இடத்தில் இருவரும் மறைந்தார்கள். கோல் தட்டும் சத்தம் மட்டும் கீழே கீழே போயிற்று. பிறகு ஒரு சிரிப்பு. அவள் சிரிப்பு. அதன் பிறகு கோல் சத்தம் மேலே வர ஆரம்பித்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் அவர் மூச்சு விட மறந்தார்.

அவள் மேலே வந்து, வாசலில் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் ஒளிந்திருப்பதில் அர்த்தமில்லை. கம்பீரமாக இறங்கிப் போய் எதிரில் நின்று, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று செக்கர் எழுந்திருக்கப் பார்த்தார்.

எழுந்திருக்க முடியவில்லை.

இடது கால் மரத்துப்போய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வலது முழங்கால் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிவிட்டது. குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அம்மா என்று முனகியபடி படியில் சரிந்து உட்கார்ந்தார். கையிலிருந்த செருப்பு ஒன்று நழுவி, தட்டுத் தட்டென்று படிகளில் உருண்டு, மனைவியின் காலடியில் போய் விழுந்தது.

"யாரு அங்க?" என்று பிசியோ பெண் பதறினாள்.

மனைவி செருப்பைப் பார்த்தாள். "வேற யாரு? செக்கர்தான்," என்றாள்.

பிசியோ பெண் ஏறி வந்து அவரைக் கைகொடுத்துத் தூக்கப் போனாள். அவர் வேண்டாமென்று கையை உதறினார். தானே எழுந்து காட்ட முயன்றார். மறுபடியும் தொப்பென்று உட்கார்ந்தார். கீழே நின்ற மனைவி கோலை ஊன்றிக்கொண்டு கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"என்னால உங்களைத் தூக்க முடியாது. தூக்கவும் கூடாது. சொல்றதைக் கேளுங்க," என்றாள். "மூச்சை அடக்காதீங்க. முதல்ல படியைப் பாத்துத் திரும்பி முட்டி போடுங்க. கையை மேல் படியில வைங்க. இப்ப எந்தக் கால்ல பலம் இருக்கோ அதை முன்னாடி கொண்டுவாங்க. அவசரமே வேண்டாம்."

அந்தக் குரலில் கேலி இல்லை. அதனால்தான் அவர் கேட்டார். முட்டி போட்டார். கையை ஊன்றினார். பிசியோ பெண் முதுகுக்குப் பின்னால் தொடாமல் கையை வைத்திருந்தாள். மரத்த காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. இரண்டாவது தடவையில் எழுந்து நின்றார். நின்றதும் அவருக்கு வந்தது கோபமா வெட்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளே வந்ததும் பிசியோ பெண், டீ போட்டுத் தருகிறேன் என்று அடுக்களைக்குள் போனாள். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. அதையும் செக்கர் கவனித்தார்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?" என்றார்.

"நீங்க பூட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து," என்றாள் மனைவி. மகளிடம் சாவி கேட்டு, அந்தப் பெண்ணைத் திரும்ப வரச் சொன்னது தான்தான், மகள்மேல் கோபப்பட வேண்டாம் என்றாள். பூட்டின் துவாரத்தை உள்பக்கம் திருப்பிவிட்டுப் போக அந்தப் பெண் ஒரே ஒரு நாள் மறந்துவிட்டாள். மணல் பாட்டில் கைக்குப் பலம் வர. நாற்காலிச் சத்தம், கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும்போது வருவது. முதலில் ஒரு தடவைகூட முடியவில்லை, மயக்கமாக வந்தது, இப்போது முடிகிறது என்று அவள் சொன்னாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"நீங்க என் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். ஆனா நான் நாற்காலியைத் தொட்டாலே நீங்க கத்துவீங்க. நீங்க கத்தினதும் என் கால் நடுங்கும். எனக்கு இடுப்பு வலியை விட உங்க பயம்தாங்க பெரிசா இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. வெளியே பூட்டிட்டுப் போறீங்களே, ஒரு நாள் அடுப்படியில தீப்பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு தடவையாவது நினைச்சீங்களா?"

செக்கர் அதை நினைத்ததே இல்லை. வெளியிலிருந்து வருகிற ஆபத்தையெல்லாம் எண்ணிப் பார்த்தவர், உள்ளே இருப்பதை எண்ணவில்லை. ஆறிப்போகும் வரை டீயைக் கையிலேயே வைத்திருந்தார். மறுநாள் படிப்பகத்துக்குப் போகும்போது பூட்டைக் கொக்கியில் மாட்டாமல் உள்ளே ஆணியில் தொங்கவிட்டார். போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனார்.

அதற்காக அவர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். முதலில் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது, உன் அம்மாவிடமே பேசு, மழையைப் பற்றிப் பேசு என்று கொடுத்துவிட்டார். அப்புறம், தன் கண் முன்னால் நடந்தால்தான் இதில் இருக்கிற தில்லுமுல்லு தெரியும் என்று சொல்லி, பயிற்சி நேரத்தில் வீட்டிலேயே இருக்க ஆரம்பித்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால் சரியாக நீள்கிறதா, பாதியில் ஏமாற்றுகிறாளா என்று மேற்பார்வை பார்த்தார். குறுக்கே பேசினால் பிசியோ பெண் முறைப்பாள். வாயை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் பிசியோ பெண் அவரிடம் திரும்பி, நீங்கள் கையை ஊன்றாமல் எழுந்து காட்டுங்கள் பார்க்கலாம் என்றாள். இது என்ன பெரிய வித்தை என்று அவர் எழுந்தார். பாதியில் பின்னுக்கு விழுந்தார். நாற்காலியின் கால் உயரம் சரியில்லை என்றார். மனைவி பேசாமல் தன் நாற்காலியைக் கொடுத்தாள். அதிலும் விழுந்தார்.

இரவும் பகலும் அவளைத் தாங்குகிறேன் என்று ஓடியாடியவருக்கு, தன் உடம்பு எப்போது இப்படிச் சோர்ந்துபோனது என்று புரியவில்லை. ஓடியது எல்லாம் கட்டிலுக்கும் அடுக்களைக்கும் நடுவில்தான் என்பது யோசித்தபோது தெரிந்தது. மீதி நேரம் படிப்பகத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விழுந்தது அவள்தான், ஆனால் அடுத்து விழ வேண்டிய முறை தன்னுடையது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. தான் விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

அன்றிலிருந்து மேற்பார்வை மெல்ல மெல்லப் பயிற்சியாக மாறியது. அவள் காலைத் தூக்கும்போது இவரும் சும்மா தூக்கிப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தினார். ஒற்றைக்காலில் நின்றபோது கொக்கு மாதிரி ஆடினார், மனைவி சிரித்துத் தானும் ஆடிவிட்டாள். பிசியோ பெண் இருவரையும் கடிந்துகொண்டாள். நாற்காலிச் சத்தம் இரட்டிப்பானதும் தையல்காரம்மா மேலே ஏறி வந்து சண்டை போட்டாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய துணியைச் சுற்றிக்கொடுத்துவிட்டு, தனக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது, என்ன செய்கிறீர்கள் காட்டுங்கள் என்று கேட்டாள்.

குளிர் முடிந்து வெயில் ஏறுவதற்குள், செக்கர் கட்டிலில் உட்காராமல் நின்றபடியே கால்சட்டை மாட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். மூன்றாவது மாடி ஏறும்போது இரண்டாவதில் நிற்பதில்லை. இதெல்லாம் பருவநிலை மாறியதால்கூட இருக்கலாம் என்று பிசியோ பெண்ணிடம் சொன்னார். இருக்கலாம், அடுத்த குளிரில் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். அவள் பேச்சில் இன்னும் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று அவர் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு காலையில் மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தெருமுனைக் கடைக்குப் போய்த் தக்காளி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

"இரு, நானும் வர்றேன்," என்று அவர் எழுந்தார்.

"வேண்டாம். நான் மட்டும் போயிட்டு வர்றேன்."

அவர் வாய்வரைக்கும் ஆயிரம் வார்த்தைகள் வந்தன. தெருவில் சைக்கிள் வரும். கடை வாசலில் ஈரமாக இருக்கும். நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"நல்லாப் பாத்துப் பொறுக்கு. அவன் அடியில அழுகினதைத் தள்ளிவிடுவான்," என்று மட்டும் சொன்னார்.

அவள் போனாள். கோல் சத்தம் படியில் இறங்கிக் கீழே ஓய்ந்தது. ஜன்னலுக்குப் போனால் அவள் போவது தெரியும். போய்ப் பார்த்தால், கூப்பிடாமல் இருக்கத் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்களையில் நின்றார். வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். வேண்டியதற்கு மேலேயே நறுக்கிவிட்டார். தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் கத்தி நின்றது, பிறகு மறுபடியும் நகர்ந்தது.

அவள் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. பையை மேடையில் வைத்துவிட்டு, வழியில் ஜவுளிக்கடைப் பழைய தோழி ஒருத்தியைப் பார்த்தேன், நின்று பேசிக்கொண்டிருந்தேன், அதனால்தான் நேரமாகிவிட்டது என்றாள்.

செக்கர் தக்காளிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று மட்டும் அடியில் மெத்தென்றிருந்தது. அதைத் தனியே வைத்தார்.

"நின்னா பேசினே?" என்று கேட்டார்.

"ஆமா. நின்னுதான்," என்றாள்.